கிற்றார் பிரீசெட்டுகளை எடிட்டரில் கேட்டுத் தெரிவுசெய்வது: நேரம் வீணாகாத ஒழுங்கு

திருகோணமலை உப்புவெளிப் பக்க ஹொட்டேல்களிலும் கோவில் திருவிழா மேடைகளிலும் வாசிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. கிற்றாரின் ஒலியை மாற்றும் மல்டி எஃபெக்ட் கருவியை லெப்டொப்பில் பொருத்தி எடிட்டர் மென்பொருளைத் திறந்தால் பட்டியலில் பிரீசெட்டுகள் (முன்கூட்டியே அமைத்துச் சேமித்த ஒலிகள்) கனக்கக் கிடக்கின்றன, இணையத்தில் இறக்கி வைத்தவை இன்னும் பல நூறு. ஒவ்வொன்றாகக் கிளிக் பண்ணி வாசித்துப் பார்ப்பதிலேயே இரவு போய்விடுகிறது. கடைசியில் எது நல்லதென்று ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்த இரண்டு மூன்றும் மேடையில் எடுபடவில்லை. வேகமாகவும் சரியாகவும் தெரிவுசெய்ய என்ன வழி?

தம்பி, பிரீசெட்டுகளை ஒப்பிடுவதென்றால் பிரீசெட்டைத் தவிர மற்றதெல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். சத்தத்தின் அளவு, பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி), வாசிக்கிற பகுதி, ஸ்பீக்கர், டெம்போ ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் காது அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு “இது நல்லது, அது கூடாது” என்று சொல்லிவிடும். உங்கள் இரவுகள் வீணானதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த ஐந்தையும் கட்டிப்போட அரை மணித்தியாலம் போதும். அதன் பிறகு ஒரு பிரீசெட்டுக்குப் பத்து விநாடிக்கு மேல் தேவைப்படாது.

எதைத் தொடுவதற்கும் முன்னால் காப்புப் பிரதி எடுங்கள். உங்கள் கருவி லைன் 6இன் எச்எக்ஸ் ஸ்டொம்ப் என்றால் அதன் எடிட்டரான எச்எக்ஸ் எடிட்டின் ஃபைல் பட்டியலில் முழுக் காப்பு எடுக்கும் வசதி இருக்கிறது. பொஸ் ஜீடி-1 என்றால் பொஸ் டோன் ஸ்டூடியோவில் பயனர் பேட்ச்சுகள் (பிரீசெட்டுக்கு அங்கே உள்ள பெயர்) 99ஐயும் ஒரு லைவ்செட்டாக்கி (தொகுப்பாக்கி) வெளியே எடுத்து வையுங்கள். சூம் ஜி1 ஃபோர் வைத்திருப்பவர்களுக்கு அதன் எடிட்டரான கிற்றார் லேப்பில் இதே வசதி உண்டு. அதில் மொத்தமே 50 பேட்ச் இடங்கள்தான் என்பதால் ஒன்றை மறந்துபோய் அழித்தாலும் இழப்புத் தெரியும். காப்பை லெப்டொப்பில் மட்டும் வைக்காமல் ஒரு பென் டிரைவிலும் போடுங்கள். வெளிப் பிரீசெட் ஒன்று உங்கள் கருவியின் உள் மென்பொருளான ஃபேம்வெயாரைவிடப் புதியதில் செய்யப்பட்டிருந்தால் அது திறக்காது, அல்லது சில பகுதிகள் காணாமல் திறக்கும். அதற்காக ஃபேம்வெயாரைப் புதுப்பிக்கப் போனால் அதையும் காப்பு எடுத்த பிறகே செய்யுங்கள். இடையில் கரண்ட் போய்விடக் கூடிய நேரத்தில் அந்த வேலை வேண்டாம்.

அடுத்தது, சத்தம் வெளியே போகும் வழி. இந்த ஒரு இடத்தில் பிழைவிட்டால் மீதி எல்லாம் வீண். பிரீசெட்டில் அம்ப்பைப் போலச் செய்த டிஜிட்டல் மாதிரியும் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்த மாதிரியும் சேர்ந்தே வரும். அந்தப் பெட்டி மாதிரி ஹெட்போனுக்கும் மிக்சருக்கும் உரியது. அதையே கிற்றார் அம்ப்பின் முன் உள்ளீட்டில் செருகினால் பெட்டிக்குமேல் பெட்டியாகி, எல்லாப் பிரீசெட்டும் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். மறுபக்கம், பெட்டி மாதிரி இல்லாத பிரீசெட்டை நேரே ஹெட்போனில் கேட்டால் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ள கரகரப்பு வடிகட்டப்படாமல் குளவிக் கூட்டுச் சத்தம் வரும். உண்மையான கிற்றார் ஸ்பீக்கர் அந்த இடத்துக்கு மேலே வேகமாக இறங்கிவிடும். நமக்குப் பழகிய கிற்றார் ஒலி அந்த இறக்கத்தோடு சேர்ந்ததுதான். ஆகவே நீங்கள் மேடையில் எதில் வாசிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்து, கருவியின் வெளியீட்டு அமைப்பை அதற்கேற்ப வையுங்கள். ஜீடி-1இல் வெளியீட்டுத் தெரிவில் ஜேசி-120, சிறிய அம்ப், கொம்போ, ஸ்டாக், லைன்/ஹெட்போன் என்று வரிசையாக இருக்கும். ஹொட்டேலில் நேரே மிக்சருக்குப் போகிறீர்கள் என்றால் லைன்/ஹெட்போன். வெளியீட்டில் அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பொதுவான ஈக்யூ ஏதும் போட்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பிரீசெட்டும் ஒரே குறையோடு கேட்கும், குறை எங்கேயென்று பிடிபடாது.

கடற்கரை ஊரில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஒலியின் கூர்மை போய்விடும். பழைய கம்பியோடு பிரீசெட் தெரிவுசெய்தால் கூர்மை அதிகமானவையே பிடித்துப்போகும். புதுக் கம்பி போட்ட அன்று அவை காதைக் கிழிக்கும். தெரிவு செய்வதற்கு முந்தின நாள் கம்பியை மாற்றி, இழுத்து நிலைக்க விட்டு வையுங்கள். ஜாக்கைச் சுழற்றினால் கரகரக்கிறது என்றால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். அந்தக் கரகரப்பை, ஒலியை முறித்துத் தடிப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பிரீசெட்டுகள் பல மடங்கு பெருக்கிக் காட்டும்.

லெப்டொப்பைப் பொருத்தியதும் ஒரு மெல்லிய விசில் அல்லது உறுமல் புதிதாக வருகிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், சத்தம் சார்ஜரிலிருந்து யூஎஸ்பி வயர் வழியாக வருகிறது. பட்டரியிலேயே லெப்டொப்பை ஓட்டி வேலையை முடியுங்கள். கழற்றியும் நிற்காத உறுமல் பெரும்பாலும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் கொயில் பிக்கப் பிடிக்கும் 50 ஹேர்ட்ஸ் மின் இரைச்சல். ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட், லெப்டொப் திரை மூன்றிலிருந்தும் தள்ளி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தால் குறையும்.

இப்போது சத்த அளவு. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரிவைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரு டெசிபெல் கூட இருந்தாலே, அது “நிறைவாக”, “உயிரோடு” இருப்பதுபோல் காது ஏமாறும். அது சத்தம் கூடியது என்று தெரியாது, நல்லது என்றே தெரியும். பிரீசெட்டுகளைச் செய்து விற்பவர்களுக்கும் கருவியோடு கொடுப்பவர்களுக்கும் இது தெரியும், அதனால் முதல் பக்கத்துப் பிரீசெட்டுகள் பல உரக்கவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வொல்யூம் சரிசெய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும் என்பீர்கள். முதல் சுற்றில் அது தேவையில்லை. ஹெட்போன் வொல்யூமில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உரக்க வந்தால் குறைத்து, மெதுவாக வந்தால் கூட்டி, ஏறத்தாழச் சமப்படுத்தினால் போதும். தப்பிப் பிழைத்த பிரீசெட்டுகளை இரண்டாம் சுற்றில் ஒப்பிடும்போதுதான் அளவு கச்சிதமாக வேண்டும்.

அதை அளக்க மீற்றரின் உச்சப் புள்ளியை நம்பாதீர்கள். முறிவில்லாத கிளீன் ஒலியில் ஒவ்வொரு அடியும் கூராக எழுந்து உடனே விழும். டிஸ்டோர்ஷன் நசுங்கித் தட்டையாக நிற்கும். இரண்டையும் ஒரே உச்சத்துக்குக் கொண்டுவந்தால் டிஸ்டோர்ஷன் மிக உரக்கக் கேட்கும். உரப்பு அளவான எல்யூஎஃப்எஸ் காட்டும் மீற்றர் வேண்டும். யூலீன் என்ற மீற்றரின் இலவசப் பதிப்பே போதும். கருவி யூஎஸ்பி வழியாக ஒலியையும் அனுப்பும் என்றால், ரீப்பர் போன்ற ஒரு பதிவு மென்பொருளில் ஒரு டிரக் திறந்து மீற்றரைப் போட்டு, ஒரே பகுதியைப் பத்து விநாடி வாசித்துக் குறுகிய கால அளவைப் பாருங்கள். நடுத்தரமான ஒரு பிரீசெட்டை அளவுகோலாக எடுத்து, மற்றவற்றை அதற்கு ஒரு டெசிபெல்லுக்குள் கொண்டுவாருங்கள். லீட் பிரீசெட்டை மட்டும் கடைசியில் 3 டெசிபெல் அளவு கூட்டலாம்.

எந்தக் குமிழியால் கூட்டிக் குறைப்பது என்பதும் முக்கியம். டிரைவ் (ஒலியை முறிய வைக்கும் அளவு), மாஸ்டர் (அம்ப்பின் மொத்த அளவு) இரண்டையும் தொட்டால் அம்ப்பின் குணமே மாறும். எச்எக்ஸ் குடும்பத்தில் அம்ப் பகுதியின் சனல் வொல்யூம் அல்லது எஃபெக்டுகளைக் கோர்த்த சங்கிலியின் கடைசியில் உள்ள வெளியீட்டு அளவு. பொஸ், சூம் கருவிகளில் பேட்ச் லெவல். இவை ஒலியின் நிறத்தைத் தொடாமல் அளவை மட்டும் மாற்றும்.

அடுத்த கரைச்சல் கை. ஒரு கை மவுஸில், பிறகு அதே கை கம்பியில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில விநாடி போகிறது, அதற்குள் முந்தைய ஒலி காதிலிருந்து கலைந்துவிடுகிறது. ஒலியின் நுணுக்கத்தை காது சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைக்காது. இடைவெளி குறைந்தால் ஒப்பீடு தானாகக் கூர்மையாகும். எளிமையான வழி, எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கருவியின் கால் சுவிட்சாலேயே அடுத்த பிரீசெட்டுக்குப் போவது. எடிட்டர் கருவியைப் பின்தொடர்ந்து திரையில் காட்டும். இறக்கிய கோப்புகளைப் பட்டியலில் கேட்க வேண்டுமென்றால், பாட்டுத் தாள் திருப்பும் புளூடூத் கால் பெடல் ஒன்று உதவும். அது லெப்டொப்புக்கு அம்புக்குறி விசையைத்தான் அனுப்புகிறது. சில எடிட்டர்களில் அம்புக்குறியே பிரீசெட்டை ஏற்றிவிடும். சிலவற்றில் என்டர் தட்ட வேண்டும், சிலவற்றில் இரட்டைக் கிளிக்தான். உங்களுடையது எது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அவசரப்பட்டு அம்புக்குறியை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சங்கிலி முழுவதின் விவரமும் வயர் வழியாகப் போய்வருகிறது, வரிசையாகக் குவிந்தால் எடிட்டரும் கருவியும் வேறு வேறு பிரீசெட்டில் நின்று தொடர்பு அறுந்துபோகும். அப்படி நடந்தால் எடிட்டரை மூடி, யூஎஸ்பியைக் கழற்றி மாட்டி, திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

இன்னும் நல்ல வழி, கிற்றாருக்கும் கருவிக்கும் இடையில், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் தனி லூப்பர் பெடல் ஒன்றை வைப்பது. டிட்டோ, பொஸ் ஆர்சி-1 போன்ற சிறியது போதும், நண்பரிடம் ஓர் இரவுக்கு வாங்கினாலும் சரி. எஃபெக்ட் எதுவும் இல்லாத வெறும் கிற்றாரை அதில் பதிந்து ஓட விட்டால், அச்சுப்பிசகாத ஒரே வாசிப்பு எல்லாப் பிரீசெட்டுக்குள்ளும் போகும், இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். லூப்பரின் அளவுக் குமிழி, நேரே செருகினால் வரும் அதே அளவில் இருக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் டிரைவின் அளவே மாறும். கருவிக்குள் இருக்கும் லூப்பர் இதற்குப் பெரும்பாலும் சரிவராது. பலவற்றில் அது சங்கிலியின் கடைசியில் இருப்பதால் எஃபெக்டும் சேர்ந்தே பதிவாகும். முன்னால் நகர்த்தக் கூடியவற்றிலும் பிரீசெட் மாறியதும் நின்றுவிடுவதுண்டு. யூஎஸ்பி வழியாக வெறும் ஒலியைத் திருப்பி அனுப்பும் முறையில் வேறு ஒரு பொறி இருக்கிறது: எச்எக்ஸ் கருவிகளில் உள்ளீடு எங்கிருந்து வருகிறது என்பது அந்தந்தப் பிரீசெட்டுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. அடுத்ததற்குப் போனதும் உள்ளீடு திரும்பக் கிற்றார் ஜாக்குக்கே போய்விடும், ஒலி நின்றுவிடும். ஒரே பிரீசெட்டைத் திருத்தும்போது அந்த முறை நல்லது, வரிசையாகக் கேட்பதற்கு வெளி லூப்பர்தான். ஃபஸ் எனும் கடுமையான டிஸ்டோர்ஷன் வகை மட்டும் விதிவிலக்கு. அது கிற்றாரின் பிக்கப்போடு நேரே பேச வேண்டிய சாதனம். இடையில் லூப்பர் வந்தால் குணம் மாறும். அவற்றைக் கையால் வாசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

லூப்பரில் என்ன பதிவது? உங்கள் மேடையில் வருவதைப் பதியுங்கள். பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் நான்கு துண்டுகள்: திறந்த கோர்ட் ஒன்றைத் தனித்தனிக் கம்பியாக மெதுவாக எடுப்பது, பைலாவுக்குரிய ஆறெட்டுத் தாளத்தில் நறுக்கென்று இரண்டு பார், கீழ்க் கம்பிகளில் பவர் கோர்ட்டை உள்ளங்கையால் அமர்த்தி அடிப்பது, பன்னிரண்டாம் கட்டுப் பக்கம் ஒரு நோட்டை வளைத்துப் பிடித்து மறையும்வரை விடுவது. முதலாவதில் கிளீனின் தெளிவும், பல கிற்றார் சேர்ந்ததுபோல் காட்டும் கோரஸின் ஆழமும் தெரியும். இரண்டாவதில் ரிவேர்ப்பின் முழக்கம் தாளத்தை மூடுகிறதா என்று தெரியும். மூன்றாவதில் அடிப்பகுதி இறுகியதா தளர்ந்ததா என்பது தெரியும். கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸில் நிற்கிறது, அங்கே ஊதிப்போன பிரீசெட் பேஸ் கிற்றாரோடு முட்டும். நான்காவதில் நோட்டின் வால், வாசிக்காத நேரத்து இரைச்சலை அடைக்கும் நோய்ஸ் கேட்டின் குறையைக் காட்டிவிடும். எல்லாத் துண்டையும் உங்கள் பிரதான கிற்றாரில், ஒரே பிக்கப் நிலையில் பதியுங்கள்.

கேட்கத் தொடங்குமுன் பாருங்கள். எடிட்டரின் பெரிய பலனே அதுதான்: கருவியின் சின்னத் திரையில் தெரியாத சங்கிலி முழுவதும் இங்கே ஒரே பார்வையில் விரிந்து கிடக்கும். பெயரை நம்பாதீர்கள். பாடகர் பெயர், பாட்டின் பெயர், “வானம்”, “நெருப்பு” என்று வைக்கப்பட்டவை எதையும் சொல்லாது. சங்கிலி சொல்லும். கிளீன் தேடும்போது அதிக டிரைவ் அம்ப் உள்ளதைத் திறக்கத் தேவையில்லை. இரண்டு டிலே (எதிரொலி), மினுங்கும் ஷிமர் ரிவேர்ப், பிட்ச் மாற்றி என்று அடுக்கியிருந்தால் அது தனியாக உட்கார்ந்து ரசிப்பதற்குரியது, ஐந்து பேர் இசைக்குழுவுக்குள் கரைந்துபோகும். இறக்கிய கோப்புகளில் உங்கள் கருவிக்கு உரியதா என்பதும் இங்கேயே தெரியும். ஒரே குடும்பத்துப் பெரிய கருவிக்காகச் செய்யப்பட்டது சிறியதில் அடங்காது. எச்எக்ஸ் ஸ்டொம்ப்பில் ஒரு பிரீசெட்டுக்கு 8 பகுதிகள்தான் எல்லை, பெரிய கருவியான ஹீலிக்ஸுக்கு எழுதியவற்றில் பல அதைத் தாண்டும். பார்த்தே தள்ளினால் பட்டியல் பெருமளவு சுருங்கிவிடும்.

வெளிக் கோப்பைக் கேட்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. பொஸ் டோன் ஸ்டூடியோவில் லைவ்செட்டில் உள்ள பேட்ச்சைத் தெரிவுசெய்தால் கருவியின் தற்காலிக நினைவில் ஏறி ஒலிக்கும். எழுதச் சொல்லும்வரை உங்கள் இடங்கள் எதுவும் அழியாது. எச்எக்ஸ் எடிட்டில் கோப்பைப் பட்டியலின் ஓர் இடத்தில் இழுத்துப் போட வேண்டும், அந்த இடத்தில் முன்பிருந்தது போய்விடும். ஆகவே எச்எக்ஸ் ஸ்டொம்ப்பில் உள்ள 126 இடங்களில் கடைசிப் பாங்குகள் (இடத் தொகுதிகள்) சிலவற்றைச் சோதனைக்கென்றே காலியாக்கி, அங்கே மட்டும் போடுங்கள்.

முதல் சுற்றில் தள்ளுவதுதான் வேலை. ஒரு பிரீசெட், ஒரு முறை லூப், பத்து விநாடி, வை அல்லது தள்ளு. “பார்க்கலாம்” என்ற மூன்றாவது பெட்டி வேண்டாம், எல்லாம் அதற்குள்தான் போய் விழும். இந்தச் சுற்றில் எந்தக் குமிழியையும் திருகக் கூடாது. திருகத் தொடங்கினால் ஒரே பிரீசெட்டில் இருபது நிமிடம் போய்விடும், பட்டியல் அப்படியே நிற்கும். பத்து விநாடி வீதம் 126 பிரீசெட்டுக்கு 21 நிமிடம். ஜீடி-1இன் 99க்கு 16 நிமிடம் 30 விநாடி. ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் ஹெட்போனைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே போய்வாருங்கள். களைத்த காதுக்குக் கூர்மை தெரியாது, களைக்கக் களைக்க இன்னும் இரைச்சலானவற்றையே வைத்துக்கொண்டு போவீர்கள். வைத்தவற்றுக்கு ஒரு கொப்பியில் நாலு விஷயம் எழுதுங்கள்: இட எண், என்ன வேலைக்கு, ஒரு சொல்லில் குணம், தெரிந்த குறை.

சில பிரீசெட்டுகள் உண்மையில் நல்லவையாக இருந்தும் தள்ளுப்பட்டுப் போகும். ஏறியதும் ஒரு சத்தமும் வராவிட்டால் முதலில் காலால் சாய்க்கும் எக்ஸ்பிரஷன் பெடலைப் பாருங்கள். வொல்யூம் பெடல் அதில் கட்டப்பட்டு, பெடல் குதிப்பக்கம் நிற்கிறது. முன்னால் மிதித்தால் ஒலி வரும். அடைத்த மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் “வா” (wah) எஃபெக்ட் பெடல் பாதியில் நிற்கிறது. நோட்டின் வால் வெட்டுப்பட்டால் நோய்ஸ் கேட் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்காக வைக்கப்பட்டது. சிங்கிள் கொயிலின் ஒலி அதைவிடப் பலவீனம், அது எல்லைக்குக் கீழே போனதும் கேட் மூடிவிடுகிறது. எல்லையைச் சில டெசிபெல் இறக்கினால் தீரும். குளவிச் சத்தம் வந்தால், விற்பவர் கொடுத்த ஐஆர் கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் பதிந்த கோப்பு) உங்கள் கருவியில் இல்லை. பிரீசெட்டுக்குள் ஐஆர் பெரும்பாலும் வருவதில்லை, எந்த ஐஆர் என்ற குறிப்புத்தான் வரும். அந்த வேவ் கோப்பை முதலில் ஏற்றுங்கள், அல்லது கருவியின் சொந்தப் பெட்டி மாதிரி ஒன்றை அந்த இடத்தில் போட்டுக் கேளுங்கள். இந்த நான்கும் முதல் சுற்றில் குமிழி தொடலாம் என்பதற்கான விலக்குகள், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஐந்து விநாடி வேலை.

டிலே உள்ள பிரீசெட்டுகளை முடிவு செய்வதற்கு முன் டெம்போவைக் கட்டிப்போடுங்கள். பிரீசெட்டுக்கு ஒரு டெம்போ என்று இருப்பதை, எல்லாவற்றுக்கும் ஒரே டெம்போ என்று பொது அமைப்பில் மாற்றி, லூப்பின் வேகத்தைக் கொடுங்கள். நம்முடைய இசைக்குழுக்களுக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை உண்டு. இறக்குகிற பிரீசெட்டுகளில் மிகப் பல, நாலு அடித் தாளத்துக்கென்று புள்ளியிட்ட எட்டாம் நோட்டு டிலே வைத்தவை. நிமிடத்துக்கு 120 என்றால் அடி 500 மில்லி விநாடி, டிலே அதில் முக்கால் பங்கு, 375. நாலு அடியில் அது அழகாகக் குதிக்கும். அதையே பைலாவில் போட்டால், ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிவதால் துணுக்கு ஒன்று 166.7 மில்லி விநாடி. 375 மூன்றாவது துணுக்குத் தொடங்கும் 333ஐத் தாண்டி, அடுத்த அடி வரும் 500க்கு முன்னால் போய் விழுந்து டிரம்ஸோடு இடறும். அந்தப் பிரீசெட் கெட்டதல்ல. டிலேயின் பங்கை கால் நோட்டு டிரிப்லெட்டுக்கு மாற்றுங்கள், 333 மில்லி விநாடியாகித் தாளத்துக்குள் வந்து உட்காரும். ஒலி பிடித்திருந்தும் தாளம் தட்டுகிறது என்று தோன்றும் இடங்களில் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இரண்டாம் சுற்றில் வேலை வாரியாகப் பிரியுங்கள். கிளீன், லேசாக முறியும் கிளீன், ரிதம் டிரைவ், லீட், தேவாலயத்தில் மெதுவான பாட்டுகளுக்குப் பின்னால் விரிக்கும் ஒலி என்று ஐந்து குழு போதும். ஒரு குழுவில் இரண்டு இரண்டாக எடுத்து, அளவைச் சமப்படுத்தி, மாறி மாறிக் கேட்டு வென்றதை அடுத்ததோடு மோத விடுங்கள். குழுவுக்கு இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். இந்தச் சுற்றில் லூப்பரை நிறுத்திவிட்டுக் கையாலும் வாசியுங்கள். மெல்லத் தொட்டால் அடங்குகிறதா, கிற்றாரின் வொல்யூமைப் பாதியாகக் குறைத்தால் துப்புரவாகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகுமுன் கம்பியை அமர்த்துங்கள், முந்தையதன் டிலே வால் அடுத்ததன் மேல் ஒட்டிக்கொண்டு குழப்பும்.

மூன்றாம் சுற்று ஸ்பீக்கரில், மேடைச் சத்தத்தில், பின்னணி இசையோடு. ஹெட்போனில் இரவில் பிடித்தது மேடையில் ஏன் எடுபடவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மெல்லிய சத்தத்தில் அடி ஒலியையும் உச்ச ஒலியையும் காது குறைவாகவே கேட்கும், சத்தம் கூடக்கூட அவை முன்னால் வரும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வரைந்து காட்டிய வளைவுகள் இதைத்தான் சொல்கின்றன. மெல்ல வைத்துக் கேட்டு ருசியாக இருந்த பிரீசெட்டில் அடியும் உச்சமும் தேவைக்கு மேல் இருக்கும். உரக்க வைத்ததும் அடி குமுறும், உச்சி குத்தும், பாடகரோடு சேர்ந்து ஒலிக்க வேண்டிய நடுப்பகுதி காணாமல் போகும். பெட்டி மாதிரியில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழும், 6,000 முதல் 8,000 ஹேர்ட்ஸுக்கு மேலும் வெட்டினால் பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு நடுப்பகுதியைக் கொஞ்சம் கூட்டுங்கள். தனியாகக் கேட்கும்போது அது மூக்கொலியாகத் தோன்றும், இசைக்குழுவுக்குள் அதுதான் கேட்கும்.

இந்தச் சுற்றை ஒரு ஜாக்கில், மோனோவாக (இடம் வலம் பிரியாத ஒரே ஒலியாக) செய்யுங்கள். ஹொட்டேல் தோட்டத்திலும் கோவில் வீதியிலும் சவுண்ட்காரர் உங்களுக்குக் கொடுப்பது ஒரு சனல்தான். ஹெட்போனில் தலையைச் சுற்றி விரிந்த ஸ்டீரியோ கோரஸ், இரண்டு பக்கமும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று தின்று மெலிந்துபோகும். இடமும் வலமும் தாவும் டிலே ஒரே இடத்தில் குவிந்து நெரிசலாகும். ரிவேர்ப்பையும் இடம் பார்த்து வையுங்கள்: கடற்கரைத் திறந்த வெளியில் சுவரே இல்லை, கொஞ்சம் கூடத் தாங்கும், உயரக் கூரையுள்ள தேவாலயத்தில் கட்டடமே ரிவேர்ப் தரும், பிரீசெட்டில் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கருவி இல்லாமல் லெப்டொப்பிலேயே பிளகினில் (அம்ப், எஃபெக்ட் மென்பொருளில்) வாசிப்பவர்களுக்கும் ஒழுங்கு இதேதான், இன்னும் சுலபம். வெறும் கிற்றாரை 24 பிட், 48,000 ஹேர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் ஒரு டிரக்கில் பதிந்து சுழல விட்டால் லூப்பரே தேவையில்லை. கையால் வாசிக்கும்போது பஃபரை (லெப்டொப் ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், ஒரு பஃபருக்கு 2.7 மில்லி விநாடிதான் தாமதம். லெப்டொப் திணறி வெடிச்சத்தம் வந்தால் கேட்கும் நேரத்துக்கு மட்டும் 512க்கு ஏற்றலாம், பதிந்த ஒலியைக் கேட்பதற்குத் தாமதம் ஒரு பொருட்டில்லை.

மிஞ்சிய பத்தையும் முதல் இடங்களுக்கு நகர்த்தி, மேடையில் தேவைப்படும் வரிசையில் அடுக்குங்கள். கிளீனும் லீடும் பக்கத்துப் பக்கத்துக் கால் சுவிட்சில் இருக்கட்டும். கருவிகளின் திரையில் தமிழ் எழுத்து பெரும்பாலும் வராது என்பதால் ஆங்கில எழுத்தில் குறுகிய பெயர் வைக்க வேண்டியிருக்கும். வேலையின் பெயரை முதலில் போடுங்கள், அழகுப் பெயர் வேண்டாம். இருட்டில் குனிந்து பார்க்கும்போது முதல் நாலு எழுத்துத்தான் கண்ணில் படும். வெளி மிடி பெடலால் (இசைக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி முறையில் இயங்கும் பெடலால்) மாற்றுகிறீர்கள் என்றால், மிடியில் நிரல் எண் 0 முதல் 127 வரை. பெடல் 1 என்று காட்டுவதைக் கருவி சில வேளை 0 என்று எண்ணும். ஒன்று தள்ளிப் போய் வேறு பிரீசெட் திறந்தால் காரணம் அதுதான், பெடலில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். வேறொரு பிரீசெட்டுக்குப் போகும் கணத்தில் சேமிக்காத மாற்றம் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் அடுக்கியவுடனேயே எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் புதிதாக ஒரு காப்பு எடுத்து, திகதியைப் பெயரில் போட்டு, பழைய காப்பை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.